பூட்டிய கோப்பும் மறந்த கடவுச்சொல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், நெடுங்கேணிப் பக்கங்களில் சங்கக் கணக்கு, புள்ளிப் பட்டியல், வங்கிக் கூற்று, காணிக் கடிதம் என்று எதையாவது கணினியில் பூட்டி வைத்துவிட்டுத் திறக்க முடியாமல் நிற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறோம். எல்லாம் உங்கள் சொந்தக் கோப்பு, அல்லது உரிமையுள்ளவர் உங்களிடம் தந்த கோப்பு பற்றியது. மற்றவருடைய கோப்போடு வந்தவர்கள் முதலில் 14ஆம் கேள்வியைப் படியுங்கள்.

1. பைலுக்குப் போட்ட பாஸ்வேட் மறந்து போச்சு. முதல்ல என்ன செய்யிறது?

கோப்பை அப்படியே ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுத்து மூலத்தைத் தொடாமல் வையுங்கள். இனிச் செய்வதெல்லாம் பிரதியில்தான். மென்பொருள் எதையும் இப்போதைக்கு இறக்க வேண்டாம்.

பிறகு ஒன்றைக் கவனியுங்கள்: கடவுச்சொல் எந்த இடத்தில் கேட்கப்படுகிறது? கோப்பைத் திறக்கவே விடவில்லையா, திறந்த பிறகு மாற்ற விடவில்லையா, அச்சிடவோ கொப்பி பண்ணவோ விடவில்லையா? மிச்சம் எல்லாம் இந்தப் பதிலில் தங்கியிருக்கிறது. வங்கி அட்டையைப் போல மூன்று முறை பிழை விட்டால் முடங்கிப் போகும் என்று பயப்பட வேண்டாம். வேர்ட், எக்செல், பிடிஎஃப் கோப்புகளுக்கு அப்படி ஓர் எண்ணிக்கை இல்லை. நூறு முறை பிழையாகப் போட்டாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

2. பூட்டாத கொப்பி எங்கையாவது கிடக்குமோ?

பல வேளைகளில் கிடக்கும். பூட்டு உடைக்கப் போகிறவர்கள் இதைத் தேடாமலே போகிறார்கள். இன்றைக்குப் பூட்டிய கோப்பை, பூட்டுவதற்கு முதல் யாருக்காவது அனுப்பியிருப்பீர்கள். மின்னஞ்சலில் 'அனுப்பியவை' பெட்டியில் கோப்பின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால், போனின் கோப்புத் தொகுப்பில் வட்ஸ்அப் மீடியாவுக்குள் 'டொக்கியுமென்ட்ஸ்' உறையும் (ஃபோல்டர்) அதற்குள் 'சென்ட்' உறையும் இருக்கும். அரட்டையை அழித்திருந்தாலும் சிலவேளை கோப்பு அங்கே கிடக்கும். கூகுள் ட்ரைவில் வைத்திருந்தால் அந்தக் கோப்பின்மேல் வலச்சொடுக்கி, பழைய பதிப்புகளைப் பாருங்கள். பதிப்புகள் அங்கே 30 நாள் வரையே நிற்கும், ஆகவே பிந்த வேண்டாம்.

கொமினிகேஷன் கடையில் தட்டச்சுச் செய்வித்திருந்தால் அந்தக் கடைக் கணினியின் டெஸ்க்டொப்பிலேயே உங்கள் கடிதம் இன்னும் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எடுத்துக்கொண்டு, அங்கே இருப்பதை அழித்துவிட்டு வாருங்கள்.

3. பாஸ்வேட் எண்டால் எல்லாம் ஒரே பூட்டுத்தானே?

இல்லை. இரண்டு வகை. ஒன்று படலைக்குக் கயிறு கட்டுவது. உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரியும், 'உள்ளே வராதே' என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். எக்செல் தாளைப் பாதுகாப்பது, வேர்டில் திருத்தத்தைத் தடுப்பது, பிடிஎஃப்பில் அச்சிட விடாமல் செய்வது எல்லாம் இந்த வகை. மற்றது பெட்டகம். திறக்கும்போதே கடவுச்சொல் கேட்பது. அதில் எழுத்துகளே குழப்பி எழுதப்பட்டிருக்கும். கடவுச்சொல் இல்லாமல் உள்ளே ஒன்றும் வாசிக்க முடியாது.

சந்தேகமானால் செவன்சிப் என்ற இலவச மென்பொருளால் அந்த எக்செல் அல்லது வேர்ட் கோப்பைத் திறந்து பாருங்கள் (வலச்சொடுக்கி 'ஓப்பன் ஆர்க்கைவ்'). உள்ளே 'எக்ஸ்எல்', 'வேர்ட்' என்ற பெயரில் உறைகள் தெரிந்தால் கயிறுதான், 4ஆம் 5ஆம் கேள்விகளைப் பாருங்கள். 'என்கிரிப்டட் பக்கேஜ்', 'என்கிரிப்ஷன் இன்ஃபோ' என்ற இரண்டும் தெரிந்தால் அது பெட்டகம். நேரே 9ஆம் கேள்விக்குப் போங்கள்.

4. எக்செல் திறக்குது, ஆனால் கட்டத்திலை ஒண்டும் மாத்த விடுதில்லை. முந்தின செயலாளர் பூட்டிவிட்டுப் போட்டார்.

தாள் பாதுகாப்பு. இதற்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. கமக்கார அமைப்பின் சிறுபோகக் காணிப் பட்டியல் போன்றவற்றில் யாரும் தவறுதலாகச் சூத்திரத்தை அழிக்காமல் இருக்கத்தான் இதைப் போடுவார்கள்.

வின்டோஸில் 'வியூ' போய் கோப்பு நீட்சிகள் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகள்) தெரியும்படி செய்யுங்கள். கோப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வகையானால் திறந்து எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமியுங்கள். பிறகு செவன்சிப்பில் அதைத் திறந்து 'எக்ஸ்எல்' உறைக்குள் 'வேர்க்ஷீட்ஸ்' உறைக்குப் போங்கள். ஷீட்1, ஷீட்2 என்று எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். ஒன்றின்மேல் எஃப்4 விசையை அழுத்தினால் நோட்பாட்டில் திறக்கும். அங்கே 'ஷீட்ப்ரொடெக்ஷன்' என்ற சொல்லைத் தேடுங்கள். அந்தச் சொல்லுக்கு முன்னால் உள்ள < குறியிலிருந்து அதை முடிக்கும் /> குறி வரை முழுவதையும் அழியுங்கள். அதற்கு ஓர் எழுத்து முன்போ பின்போ போகக் கூடாது. சேமித்து மூடினால் செவன்சிப் 'மாற்றத்தை உள்ளே போடவா' என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள்.

இரண்டு இடத்தில் பிழைக்கும். ஷீட்1 என்ற கோப்புத்தான் முதலாவது தாள் என்று இல்லை, தாள்களை இடம் மாற்றியிருந்தால் எண் பொருந்தாது. ஒவ்வொன்றாகப் பாருங்கள். மற்றது, எல்லாவற்றையும் வெளியே பிரித்தெடுத்து, திரும்ப ஒரு உறைக்குள் போட்டுச் சிப் பண்ணுவது. அப்போது எக்செல் 'கோப்புப் பழுதடைந்துவிட்டது' என்று சொல்லும். உள்ளே வைத்தே திருத்தினால் இந்தப் பிரச்சினை வராது. தாள்களைச் சேர்க்கவோ பெயர் மாற்றவோ விடாவிட்டால், 'வேர்க்புக்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் 'வேர்க்புக்ப்ரொடெக்ஷன்' என்பதை இதே மாதிரி அழிக்கலாம்.

ஒரு சிறு சங்கதி: பழைய எக்செல்லில் தாளின் கடவுச்சொல்லை வெறும் 32,768 விதமான அடையாளத்தில் ஒன்றாகச் சுருக்கித்தான் வைத்தார்கள். இணையத்தில் சுற்றும் ஒரு மக்ரோ (எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல்) 1,94,560 சேர்க்கைகளை ஓட்டி, 'ஏ', 'பி' எழுத்துகள் நிறைந்த ஏதோ ஒரு சொல்லைத் தந்து பூட்டைத் திறப்பது அதனால்தான். அது உங்கள் கடவுச்சொல் அல்ல, அதே அடையாளம் விழும் வேறொரு சொல். எக்செல் 2013இலிருந்து சேமித்த தாள்களில் அந்த மக்ரோ வேலை செய்யாது. மேலே சொன்ன வழி வேலை செய்யும்.

5. வேர்ட் கடிதம் 'ரீட் ஒன்லி' எண்டுது.

திறந்து வேறு பெயரில் சேமியுங்கள், பெரும்பாலும் முடிந்தது. அப்படியும் எழுத விடாவிட்டால் 4இல் சொன்ன அதே முறை. 'வேர்ட்' உறைக்குள் 'செட்டிங்ஸ்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் 'டொக்கியுமென்ட்ப்ரொடெக்ஷன்' என்ற பகுதியை எடுத்துவிடுங்கள்.

6. பிடிஎஃப் திறக்குது, பிரின்ட் எடுக்க விடுதில்லை.

பிடிஎஃப்பில் இரண்டு கடவுச்சொல் வைக்கலாம்: திறப்பதற்கு ஒன்று, அச்சிட, கொப்பி பண்ண, மாற்ற அனுமதிப்பதற்கு ஒன்று. இரண்டாவது மட்டும் போட்டிருந்தால் கோப்பு எல்லாருக்கும் திறக்கும். தடையை மதிப்பது நீங்கள் பாவிக்கும் மென்பொருளின் மரியாதை மட்டுமே. அக்ரோபாட் ரீடரில் 'ஃபைல்', 'ப்ரொப்பட்டீஸ்', 'செக்யூரிட்டி' என்று போனால் எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று பட்டியல் தெரியும்.

உங்கள் கோப்பென்றால் கியூபிடிஎஃப் என்ற இலவசக் கருவியின் 'டிக்ரிப்ட்' கட்டளை அந்தத் தடையை எடுத்துவிட்டுப் புதிய கோப்பைத் தரும். எழுத்தோ படமோ மாறாது. கட்டளை எழுதிப் பழக்கம் இல்லாதவர்கள், கோப்பை அனுப்பிய அலுவலகத்திடமே தடை இல்லாத பிரதியைக் கேளுங்கள். அதுதான் குறுக்கு வழி.

7. பாங்கிலயிருந்து வாற ஸ்டேட்மென்ட் திறக்கேலாமல் கிடக்கு. நான் பாஸ்வேட் ஒண்டும் போடேல்லையே?

நீங்கள் போடவில்லை, வங்கி போட்டது. எது கடவுச்சொல் என்று அந்த மின்னஞ்சலிலேயே, பெரும்பாலும் அடியில் சின்ன எழுத்தில், சொல்லியிருக்கும். அதை வாசிக்காமல் கோப்பை மட்டும் போனில் இறக்கி வைத்தவர்கள்தான் திண்டாடுகிறார்கள். அடையாள அட்டை இலக்கம் அல்லது பிறந்த திகதிதான் வழமை.

அடையாள அட்டையென்றால் சிக்கல் வரும் இடங்கள் இவை. கணக்குத் திறந்தபோது பழைய 9 இலக்க அட்டை, இப்போது கையில் 12 இலக்க அட்டை. வங்கியின் பதிவில் பழையதே இருக்கலாம். பழைய இலக்கத்தைப் போடும்போது கடைசி 'வி' எழுத்தைப் பெரிதாகவும் சிறிதாகவும், எழுத்தே இல்லாமலும் போட்டுப் பாருங்கள். பழைய அட்டை தொலைந்து இலக்கம் நினைவில்லையென்றால், புதியது பழையதிலிருந்து மாற்றியதாக இருந்தால் திரும்பப் பெறலாம்: 12 இலக்கத்தில் முன்னால் உள்ள 19ஐ எடுங்கள், மிச்சம் 10 இலக்கம். அதில் ஆறாவதாக நிற்கும் 0ஐயும் எடுங்கள். ஒன்பது வரும்.

பிறந்த திகதியென்றால் அட்டையில் உள்ள திகதி. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பிந்திப் பதிந்தவர்கள் பலருக்கு வீட்டில் கொண்டாடும் நாள் ஒன்று, பதிவில் உள்ள நாள் இன்னொன்று. வங்கிக்குத் தெரிந்தது பதிவில் உள்ளது. கூட்டுக் கணக்கானால் முதலாவது பெயருக்குரியவரின் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள்.

8. பாஸ்வேட் தெரியும். ஒவ்வொரு முறையும் கேக்காமல் எடுத்துவிடலாமோ?

எடுக்கலாம். பிடிஎஃப்பைக் குரோமில் இழுத்துப் போட்டு, கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்து, அச்சிடப் போய், அச்சுப்பொறிக்குப் பதிலாக 'சேவ் அஸ் பிடிஎஃப்' தெரியுங்கள். வரும் கோப்பில் பூட்டு இருக்காது. ஆனால் மின்னியல் கையொப்பம் இருந்தால் அது செல்லாமல் போகும், ஆகவே மூலத்தையும் வைத்திருங்கள். எக்செல், வேர்டில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'ப்ரொடெக்ட்' போய் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேட்' திறந்து பெட்டியை வெறுமையாக்கிச் சேமியுங்கள்.

9. சரியான பாஸ்வேட்தான் போடுறன், பிழை பிழை எண்டுது. எனக்கு விசரே?

இல்லை, விசைப்பலகைக்கு. கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும், நீங்கள் நினைத்த எழுத்து விழுந்ததா என்று தெரியாது. ஆகவே நோட்பாட்டில் எழுதி, கண்ணால் பார்த்து, அங்கிருந்து கொப்பி பண்ணி ஒட்டுங்கள். பெரிய எழுத்துப் பூட்டு, முன்னோ பின்னோ ஒட்டிய வெற்றிடம், போனில் தானாகப் பெரிதாகும் முதல் எழுத்து மூன்றும் இதிலேயே பிடிபடும். வட்ஸ்அப் செய்தியிலிருந்து கொப்பி பண்ணும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டி வருவது சாதாரணம்.

இங்கே அதிகம் நடப்பது வேறு. லண்டனில் இருந்து அக்கா கொண்டுவந்த லப்டொப், பிரான்சில் இருந்து சித்தப்பா அனுப்பிய லப்டொப். பிரித்தானிய அமைப்பில் ஷிஃப்டோடு 2ஐ அழுத்தினால் இரட்டை மேற்கோள் விழும், அமெரிக்க அமைப்பில் அதே விசையில் 'அட்' குறி. ஷிஃப்டோடு 3 அங்கே பவுண் குறி, இங்கே ஹாஷ் குறி. பிரெஞ்சு விசைப்பலகையில் 'ஏ'யும் 'கியூ'வும் இடம் மாறியிருக்கும், 'இசட்'டும் 'டபிள்யூ'வும் மாறியிருக்கும், 'எம்' விசை 'எல்'லுக்கு வலப்பக்கம், இலக்கங்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். ஜேர்மன், சுவிஸ் லப்டொப்பில் 'வை'யும் 'இசட்'டும் மாறும். கடவுச்சொல்லைப் போட்ட நாளில் எந்தக் கணினி, அதில் எந்த மொழி அமைப்பு என்று யோசித்து, அந்த மாற்றத்தோடு ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

சின்ன லப்டொப்புகளில் நம்லொக் விழுந்திருந்தால் 'ஜே', 'கே', 'எல்' விசைகள் 1, 2, 3 ஆகும். 'யு', 'ஐ', 'ஓ' விசைகள் 4, 5, 6 ஆகும். 'எம்' 0 ஆகும். அந்த நிலையில் போட்ட கடவுச்சொல்லை இன்னொரு கணினியில் எத்தனை முறை போட்டாலும் திறக்காது.

10. நான் தமிழிலைதான் பாஸ்வேட் போட்டனான். பாமினியிலை.

பாமினி ஓர் எழுத்துரு மட்டும்தான். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே பதிவது நீங்கள் அழுத்திய ஆங்கில விசை. கடவுச்சொல் பெட்டிக்கு எழுத்துரு தெரியாது. ஆகவே பாமினி விரல் பழக்கத்தில் 'அம்மா' என்று அடித்திருந்தால் உண்மையான கடவுச்சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'வன்னி' என்று அடித்திருந்தால் ரி, டி, அரைப்புள்ளி, டி, பி. விசைப்பலகையை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, தமிழ் அடிக்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். அதுவே திறக்கும்.

கீமான் போன்ற மென்பொருளை ஓடவிட்டு அடித்திருந்தால் விழுந்தது யூனிகோட் தமிழ். அதில் ஒரு நுணுக்கம். 'கொ', 'கோ', 'கௌ' போன்ற எழுத்துகளின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். 'ஸ்ரீ'யையும் இரண்டு விதமாக எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். ஆகவே கடவுச்சொல்லைப் போட்ட அதே விசைப்பலகையில், அதே போனில் அடித்துப் பார்ப்பதுதான் புத்தி.

11. திறக்கவே கேக்கிற எக்செல்லை உடைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?

'உடைப்பது' என்று ஒன்று இல்லை, ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்ப்பதுதான். ஒஃபிஸ் 2010இலிருந்து ஒவ்வொரு சொல்லையும் 1,00,000 முறை அரைத்துத்தான் பொருந்துகிறதா என்று பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள் (2007இல் 50,000 முறை). வேண்டுமென்றே மெதுவாக்கியது. கணக்குக்காக, ஒரு சாதாரண லப்டொப் நொடிக்கு 200 சொல் பார்க்கிறது என்று வையுங்கள். 4 இலக்கம் மட்டுமென்றால் 10,000 சேர்க்கை, 50 நொடி. 6 இலக்கமென்றால் 10 இலட்சம், ஏறத்தாழ 1 மணி 23 நிமிடம். 8 சிறிய ஆங்கில எழுத்தென்றால் ஏறத்தாழ 20,883 கோடி. அதே வேகத்தில் 33 வருடம். நல்ல கிராபிக்ஸ் அட்டை பூட்டிய கணினியில் நொடிக்கு 10,000 என்று வைத்தாலும் 242 நாள் ஓட வேண்டும்.

ஆகவே 'எந்தக் கோப்பும் ஒரு மணித்தியாலத்தில்' என்று யாராவது சொன்னால், அவர் 3ஆம் கேள்வியில் சொன்ன கயிற்றைப் பற்றிப் பேசுகிறார், அல்லது உங்கள் காசைப் பற்றி. மைக்ரோசொஃப்டிடம் கேட்டாலும் மறந்த கடவுச்சொல்லை மீட்டுத்தர அவர்களிடமும் வழி இல்லை.

12. அப்ப ஒரு வழியும் இல்லையோ?

இருக்கிறது. கணினியை ஓட்டுவதற்கு முதல் உங்கள் ஞாபகத்தை ஓட்டுங்கள். ஒரு தாளை எடுத்து மூன்று நிரல் போடுங்கள். முதலாவதில் அந்தக் காலத்தில் நீங்கள் கடவுச்சொல்லாகப் பாவித்த பெயர்கள்: பிள்ளை, ஊர், கோயில், பாடசாலை, சங்கம். இரண்டாவதில் இலக்கங்கள்: பிறந்த வருடங்கள், கோப்பு செய்த வருடம், மோட்டார் சைக்கிளின் 4 இலக்கம், தொலைபேசியின் கடைசி 4, 123 மாதிரி ஒட்டுகள், 021 அல்லது 024. மூன்றாவதில் இடையில் போடும் குறிகள்: 'அட்', ஹாஷ், அடிக்கோடு, புள்ளி, வெற்றிடம், ஒன்றும் இல்லாமை.

12 பெயர், முதல் எழுத்துப் பெரிது, எல்லாம் சிறிது, எல்லாம் பெரிது என்று 3 விதம், 6 குறி, 40 இலக்கம். பெருக்கினால் 8,640. மேலே சொன்ன அதே வேகத்தில் 43 நொடி. 33 வருடத்துக்கும் 43 நொடிக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தாள்தான்.

தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் எழுத்துக்கூட்டலை விட்டுவிடாதீர்கள். 'கிளிநொச்சி'க்கு 'எல்' ஒன்றா இரண்டா, 'சிஎச்' ஒருமுறையா இருமுறையா? 'முல்லைத்தீவு'க்கு 'ரி'யா 'ரிஎச்'சா, 'ஐ' ஒன்றா 'ஈ' இரண்டா? அடையாள அட்டையில் உள்ள உங்கள் பெயரும் பாடசாலைச் சான்றிதழில் உள்ளதும் ஒரே எழுத்துக்கூட்டல்தானா என்றும் பாருங்கள். ஒவ்வொரு மாற்றமும் பட்டியலில் தனி வரி.

13. அந்தப் பட்டியலை வைச்சு என்னத்திலை ஓட்டுறது?

ஜோன் த ரிப்பர் என்ற இலவச மென்பொருளின் 'ஜம்போ' பதிப்பு. வெளியிடும் ஓப்பன்வோல் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வின்டோஸ் டிஃபென்டர் அதை ஆபத்தான கருவி என்று தடுக்கலாம், அதன் வேலை அப்படி. வேலை இரண்டு படி. முதலில் கோப்பிலிருந்து 'ஹாஷ்' என்ற நீண்ட ஒரு வரியை எடுக்க வேண்டும். எக்செல், வேர்டுக்கு 'ஒஃபிஸ் டு ஜோன்' என்ற துணைக் கருவி, அதற்குப் பைத்தன் நிறுவியிருக்க வேண்டும். பிடிஎஃப்புக்கு 'பிடிஎஃப் டு ஜோன்', சிப்புக்கு 'சிப் டு ஜோன்'. பிறகு அந்த வரியையும் உங்கள் சொற்பட்டியலையும் ஜோனிடம் கொடுத்து ஓடவிட வேண்டும். பட்டியல் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு சொல், யூனிகோட் யுடிஎஃப் 8இல் சேமித்தது.

கிராபிக்ஸ் அட்டை இருந்தால் ஹாஷ்கற் என்ற மென்பொருள் விரைவானது. அதில் கோப்பின் வகை எண்ணைச் சரியாகக் கொடுக்க வேண்டும்: ஒஃபிஸ் 2007 என்றால் 9400, 2010 என்றால் 9500, 2013உம் அதற்குப் பிந்தியவையும் 9600. கோப்பை எந்தப் பதிப்பில் கடைசியாகச் சேமித்தீர்கள் என்பதுதான் கணக்கு, இப்போது எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள் என்பது அல்ல.

நீண்ட நேரம் ஓடவிட்டால் லப்டொப் கொதிக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மெத்தையில் வைத்து ஓட்ட வேண்டாம். பலகையில் வைத்து, காற்றாடியைத் திருப்பிவிட்டு, இரவில் ஓட்டுங்கள். கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இரண்டு மென்பொருளும் எங்கே நின்றன என்று குறித்து வைக்கும், 'ரிஸ்டோர்' கட்டளையால் தொடரலாம்.

14. வேற ஆக்களின்ர பைலைத் திறந்து தரச் சொல்லிக் கேக்கினம். பிரச்சினை வருமோ?

வரும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி, அதிகாரம் இல்லாமல் கணினிக்குள்ளோ அதில் உள்ள தகவலுக்குள்ளோ புகுவது குற்றம். கணவன், மனைவி, பழைய முதலாளி, விலகிப்போன பங்காளி என்ற உறவு அதிகாரம் ஆகாது. பயனாளிப் பட்டியல், நோயாளர் விபரம் போன்றவற்றுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. காசு வாங்கிச் செய்பவர்கள், கோப்பு தன்னுடையது என்று கையொப்பம் வைத்த கடிதமும் அடையாள அட்டையும் பார்த்துவிட்டுத் தொடுவதுதான் பாதுகாப்பு.

15. ஒன்லைனிலை போட்டால் திறந்து தருமாம். கனடாவிலை மச்சானிட்டயும் நல்ல கேமிங் கொம்பியூட்டர் இருக்கு. எது நல்லம்?

மச்சான். இணையத்தளத்தில் ஏற்றினால் உங்கள் முழுக் கோப்பும் யாரோ ஒருவரின் கணினிக்குப் போகிறது. சங்க உறுப்பினர்களின் அடையாள அட்டை இலக்கமும் கணக்கு இலக்கமும் உள்ள பட்டியலை அப்படி ஏற்றவே கூடாது. சில தளங்கள் பூட்டைத் திறந்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் காட்டி டொலரில் காசு கேட்கும். பலவேளை அவை திறப்பது 4, 6ஆம் கேள்விகளில் நீங்களே திறக்கக்கூடிய பூட்டுத்தான்.

மச்சானுக்குக் கோப்பை அனுப்பத் தேவையில்லை. 13இல் சொன்ன ஹாஷ் வரியையும் சொற்பட்டியலையும் மட்டும் அனுப்புங்கள். ஒஃபிஸ், பிடிஎஃப் கோப்புகளின் அந்த வரியில் உங்கள் எழுத்துகள் இல்லை. வரியின் தொடக்கத்தில் கோப்பின் பெயர் இருக்கும், விரும்பாவிட்டால் அதை வெட்டிவிடலாம். சிப் கோப்பில் கவனம், சின்னக் கோப்பானால் அதன் பூட்டிய உள்ளடக்கமே அந்த வரிக்குள் வந்துவிடும். சொல் கிடைத்து நீங்கள் கோப்பைத் திறந்ததும், அதே சொல்லை வேறு எங்கு பாவித்தாலும் மாற்றிவிடுங்கள். இப்போது அது மச்சானுக்கும் தெரியும்.

16. அவர் இல்லை. 2005ஆம் ஆண்டு சீடியிலை வேர்ட் பைல் கிடக்கு, பாஸ்வேட் ஆருக்கும் தெரியாது.

வேகம் வேண்டாம், முதலில் சீடியை முழுவதுமாக ஒரு கணினிக்குப் பிரதி எடுங்கள். வெக்கையிலும் ஈரத்திலும் இத்தனை வருடம் கிடந்த சீடி இன்னொரு முறை வாசிக்கும் என்று நம்ப முடியாது. ஒரு கணினியில் வாசிக்காவிட்டால் வேறு ட்ரைவில் போட்டுப் பாருங்கள், ட்ரைவுக்கு ட்ரைவ் வித்தியாசம் உண்டு.

நல்ல செய்தி, பழையதுதான் இலகு. வேர்ட், எக்செல் 97 முதல் 2003 வரை, யாரும் வேண்டுமென்று மாற்றியிருந்தாலொழிய, 40 பிட் சாவிதான் பாவித்தன. அதன் மொத்தச் சேர்க்கை ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி. கேட்கப் பெரிதாக இருந்தாலும் இதில் 11இல் சொன்ன ஒரு இலட்சம் முறை அரைக்கும் வேலை இல்லை. ஆகவே கிராபிக்ஸ் அட்டை உள்ள ஒரு கணினியே எல்லாச் சாவியையும் பார்த்து முடிக்கும். கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பொருட்டில்லை, தேடுவது சொல்லை அல்ல, சாவியை. அக்ரோபாட் 3, 4 காலத்துப் பிடிஎஃப்புக்கும் இது பொருந்தும்.

உள்ளே இருப்பது காணி அனுமதிப்பத்திரத்தின் அல்லது பிறப்புச் சான்றிதழின் ஸ்கான் பிரதி என்று தெரிந்தால், பூட்டோடு மல்லுக்கட்டாமல் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பிறப்புப் பதிவின் சான்றுப்படுத்திய பிரதி அங்கேயே கிடைக்கும். ஸ்கான் பிரதியை விட அதற்குத்தான் மதிப்பு. கடிதமும் படமும் என்றால்தான் இந்த வேலை.

17. சிப், ரார் பைல்?

ராருக்கும் செவன்சிப்பின் சொந்த வகைக்கும் குறுக்கு வழி இல்லை, 12, 13தான். சிப்பில் இரண்டு விதப் பூட்டு. ஏஇஎஸ் என்ற பலமான பூட்டு என்றால் அதே கதை. பழைய 'சிப் கிரிப்டோ' என்றால் ஒரு வாசல் உண்டு: உள்ளே இருக்கும் கோப்புகளில் ஒன்று பூட்டாமல் உங்களிடம் வேறு இடத்தில் இருந்தால், உதாரணமாக அதே படம் போனில் இருந்தால், அதை வைத்து முழுச் சிப்பையும் கடவுச்சொல் இல்லாமலே திறக்கலாம். இந்த முறையை பிஹாம், கோஷர் என்ற இருவர் 1994இல் காட்டினார்கள், பிகேகிராக் என்ற இலவசக் கருவி அதைச் செய்கிறது. குறைந்தது 12 பைட் தெரிந்திருந்தால் போதும். ஆனால் படம் எழுத்துக்கு எழுத்து அதே படமாக இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் போய் வந்த படம் சுருங்கியிருக்கும், உதவாது. சிப் பண்ணிய அதே மென்பொருளால் அந்தப் படத்தையும் சிப் பண்ணித்தான் கொடுக்க வேண்டும்.

18. ஆண்டுப் பொதுக்கூட்டத்திலை செயலாளர் மாறீட்டார். பழையவர் பாஸ்வேட் தர மாட்டன் எண்டுறார்.

கணக்கு சங்கத்தினுடையது, பழைய செயலாளருடையது அல்ல. நிர்வாகக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, கடிதமாகக் கேளுங்கள். பல வேளை அவருக்கே மறந்திருக்கும், சொல்ல வெட்கம். அவரையும் கூட்டி வைத்து 12இல் சொன்ன தாளை நிரப்புவது சண்டையை விட விரைவில் முடியும். கணக்காய்வுக்காக அச்சிட்டுக் கொடுத்த பிரதி கோவையில் இருந்தால், 150 வரிப் பட்டியலைத் திரும்ப அடிக்க ஒரு பின்னேரம் போதும்.

இனிமேலுக்கு: கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, கோப்பின் பெயரும் திகதியும் போட்டு, உறையில் ஒட்டி, ஒன்று தலைவரிடம், ஒன்று பொருளாளரிடம். பொறுப்பு மாறும் நாளில் உறையைத் திறந்து, எல்லார் முன்னாலும் கோப்பைத் திறந்து காட்டி, சொல்லை மாற்றிப் புது உறை. எழுதி வைத்த சொல் திறக்கிறதா என்று ஒருமுறை பார்க்காமல் ஒட்டிய உறைகளும் உண்டு, 9ஆம் கேள்விச் சிக்கலோடு.

19. பைல் இல்லை, கொம்பியூட்டரே நீலத் திரையிலை 48 இலக்கம் கேக்குது.

அது பிட்லொக்கர், வின்டோஸ் முழு வட்டுக்கும் போடும் பூட்டு, கோப்புப் பூட்டு அல்ல. அந்த 48 இலக்கம் பெரும்பாலும் அந்தக் கணினியில் பாவித்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனிலிருந்து அந்தக் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். வாங்கித் தந்தவரின் மின்னஞ்சலில் தொடங்கிய கணினியென்றால் அவருடைய கணக்கில் இருக்கும். இலக்கம் கிடைக்காவிட்டால் உள்ளே உள்ளது போனதுதான்.

20. எவ்வளவு நாள் ஓடவிட்டுக் கைவிடுறது?

நாளை எண்ண வேண்டாம், பட்டியலை எண்ணுங்கள். 12இன் தாள் முடிந்து, 9, 10இன் விசைப்பலகை மாற்றங்களும் சேர்த்து முடிந்து, வீட்டில் மற்றவர்களிடமும் கேட்டாயிற்று என்றால் நிறுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சேர்க்கையும் ஓட்டுவது, 6 இலக்கத்துக்கு மேல் போனால், மின் கட்டணத்துக்குத்தான் பிரயோசனம்.

கோப்பை அழிக்க வேண்டாம். இரண்டு இடத்தில் வைத்து, முயன்று பார்த்த சொற்பட்டியலையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய கொப்பி ஒன்றைப் புரட்டும்போது ஏதாவது ஒரு இலக்கம் கண்ணில் படலாம். அப்போது எதை ஏற்கனவே போட்டுப் பார்த்தீர்கள் என்று அந்தப் பட்டியல் சொல்லும்.